சம்பளச் சிட்டையையும் வாங்கிப் பாருங்கள்: ஐரோப்பிய ஒன்றியத்துக்கு ஒரு திறந்த மடல்

கொழும்பிலுள்ள ஐரோப்பிய ஒன்றியத் தூதுக்குழுவினருக்கும், ஜி.எஸ்.பி பிளஸ் என்னும் இறக்குமதி வரிச் சலுகையைக் கண்காணிக்கும் பிரசெல்ஸ் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

ஜி.எஸ்.பி பிளஸ் என்றால் என்ன, அதற்காக இலங்கை ஏற்றுக்கொண்ட 27 சர்வதேச சமவாயங்கள் எவை என்று உங்களுக்கு விளக்கம் சொல்ல நான் வரவில்லை. பட்டியல் உங்களுடையது. பெண்களுக்கு எதிரான சகல பாரபட்சங்களையும் ஒழிக்கும் சமவாயம் அதில் இருக்கிறது. சம பெறுமதியான வேலைக்குச் சம சம்பளம் என்னும் சர்வதேச தொழில் அமைப்பின் 100ஆம் இலக்கச் சமவாயமும், தொழிலில் பாரபட்சம் கூடாது என்னும் 111ஆம் இலக்கச் சமவாயமும் இருக்கின்றன. நல்ல பட்டியல்தான். அதை வைத்துக்கொண்டு நான் கேட்பது ஒன்றே ஒன்று. அடுத்த முறை கண்காணிப்புக்கு வரும்போது, கார்மென்ட்ஸில் வேலை செய்யும் பெண்களின் சம்பளச் சிட்டைகளையும் வாங்கிப் பாருங்கள்.

எதற்கு இந்தத் துண்டுக் காகிதம் என்று யோசிப்பீர்கள். கடந்த மகளிர் தினத்தன்று நடந்ததைச் சொல்கிறேன்.

மார்ச் 8ஆம் திகதி, கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்துத் தொழிற்சாலை ஒன்றில் ஆளுக்கொரு ரோசாப்பூவும் ஒரு துண்டு கேக்கும் கொடுத்தார்கள். "பெண்களை வலுவூட்டுவோம்" என்று மூன்று மொழியிலும் பதாகை கட்டி, அதன் முன்னால் லைன் லைனாக நிறுத்திப் படம் எடுத்தார்கள். முன்வரிசையில் நின்றவள் வன்னியிலிருந்து வந்து ஆவரிவத்தையில் போர்டிங் எடுத்திருக்கும் ஒரு பிள்ளை. ஏழு மாதக் கர்ப்பிணி. படத்தில் நன்றாகத் தெரியட்டும் என்று அவளைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினார்களாம்.

அந்த மாதச் சம்பளச் சிட்டையை அவள் என்னிடம் கொண்டு வந்து காட்டினாள். நானும் முன்பு தையல் லைனில் இருந்தவள் என்பதால் இப்படிச் சிட்டை, கடிதம், தொழில் திணைக்களத்துப் படிவம் என்று பிள்ளைகள் கொண்டு வருவார்கள். சிட்டையில் வருகைக் கொடுப்பனவு என்ற இடத்தில் பூச்சியம். அதற்கு முந்திய மாதமும் பூச்சியம். காரணம் கிளினிக்.

வருகைக் கொடுப்பனவு எப்படி வேலை செய்கிறது என்பதை உங்கள் அறிக்கை எழுதுபவர்கள் தயவுசெய்து கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும். மாதம் முழுக்க ஒரு நாளும் தவறாமல் வந்தால் சில ஆயிரம் ரூபா மேலதிகமாகக் கிடைக்கும். ஒரு நாள் லீவு போட்டால் அந்த ஒரு நாளுக்குரியது மட்டும் குறைவதில்லை, மாதத்துக்குரிய முழுத்தொகையும் போய்விடும். அந்தப் பிள்ளையின் தொழிற்சாலையில் அதுதான் முறை, வலயத்தில் அது ஒன்றும் புதினமில்லை. போர்டிங் வாடகையைக் கட்டுவதே பலருக்கு அந்தக் காசில்தான். கர்ப்பிணி மாதந்தோறும் கிளினிக் போக வேண்டும் என்பது இந்த நாட்டு அரசாங்கத்தின் ஏற்பாடு, பெருமைப்படத்தக்க ஏற்பாடு. கிளினிக் நடப்பது வேலைநாளில். ஆகவே வயிற்றில் பிள்ளை இருக்கும் காலமெல்லாம் அவளுக்கு அந்தக் கொடுப்பனவு இல்லை.

நிர்வாகத்தாரிடம் கேட்டதற்கு, "நாங்கள் லீவு தராமல் விடவில்லையே, அது வருகைக்குக் கொடுக்கும் பரிசு, சம்பளம் இல்லை" என்றார்கள். சரி, பரிசு என்றே வைத்துக்கொள்வோம். அதற்கு ஊழியர் சேமலாப நிதியும் சேர்ப்பதில்லை, பரிசுதானே! சட்டப்படி பிழை இல்லை என்றும் சொன்னார்கள். இருக்கலாம். ஏப்ரலில் அந்தப் பிள்ளை கிளினிக் போகவில்லை. கால் வீங்கியிருந்தது, செருப்புக்குள் நுழையவில்லை, ஆனாலும் தையல் மெஷினில் போய் இருந்தாள். கிளினிக் அட்டையைப் பார்த்துக் குடும்பநல உத்தியோகத்தர் போர்டிங் தேடி வந்து ஏசிவிட்டுப் போனார். அவர் ஏசியதில் பிழை சொல்ல மாட்டேன். ஏச வேண்டிய இடம் அந்தப் போர்டிங் அறை இல்லை, அவ்வளவுதான்.

கர்ப்பத்தைக் காரணம் காட்டிப் பெண்ணைத் தண்டிக்கக் கூடாது என்பது உங்கள் பட்டியலிலுள்ள மகளிர் சமவாயத்தின் 11ஆம் உறுப்புரை. இலங்கை அதை 1981இலேயே ஏற்றுக்கொண்டது. 2024இல் பெண்களை வலுவூட்டும் சட்டமும் வந்தது. இவையெல்லாம் உங்கள் அறிக்கையில் முன்னேற்றம் என்று பதிவாகும். பதியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பூச்சியம் எந்த அறிக்கையில் வரும்? சட்டப் புத்தகத்தில் தேடினால் அது கிடைக்காது. சம்பளச் சிட்டையில்தான் கிடைக்கும். அதனால்தான் சிட்டையைக் கேளுங்கள் என்கிறேன்.

இன்னொன்றும் மனதில் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். எங்கள் கையால் தைக்கும் உடுப்புக்கு உங்கள் எல்லையில் வழமையான வரி பெரும்பாலும் 12 வீதம். சாதாரண ஜி.எஸ்.பியில் 9.6. பிளஸ் என்ற ஒட்டு இருப்பதால் பூச்சியம். உங்கள் பூச்சியத்தால் யாருக்கோ இலாபம், எங்கள் சிட்டையிலுள்ள பூச்சியத்தால் எங்களுக்கு நட்டம். முதலாளியைக் கேட்டால், கொள்வனவாளர் விலையைக் கூட்ட மாட்டார், திகதியை மட்டும் முன்னுக்கு இழுப்பார் என்கிறார். அவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. அந்தக் கொள்வனவாளர் உங்கள் ஊர்க்காரர். அவருடைய விநியோகச் சங்கிலியில் நடப்பதற்கு அவரும் பொறுப்பு என்று 2024இல் ஒரு பணிப்புரை நிறைவேற்றினீர்கள். மை காயும் முன்னர், 2025இல், அதன் திகதிகளைத் தள்ளிப்போட்டீர்கள். பெரிய கம்பனிகளுக்கு ஆயத்தமாக அவகாசம் வேண்டுமாம். எங்களுக்கும் கிளினிக் போக அரை நாள் அவகாசம் கிடைத்தால் நன்றாக இருக்கும்.

சிலியோடு செய்த ஒப்பந்தத்தில் வர்த்தகமும் பால் சமத்துவமும் என்று ஒரு தனி அத்தியாயமே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் புதிய வெளியுறவுச் செயற்பாடுகளில் 85 வீதம் பால் சமத்துவத்துக்குப் பங்களிக்க வேண்டும் என்று 2020இல் இலக்கும் வைத்தீர்கள். லைனில் எங்களுக்கும் இலக்கு உண்டு, மணித்தியாலத்துக்கு இத்தனை துண்டு என்று. அதை எட்டினோமா என்பதை வாயால் கேட்டு எழுதிக்கொள்வதில்லை, எண்ணித்தான் பார்ப்பார்கள்.

கோபத்தில் கொஞ்சம் நீண்டுவிட்டது, மன்னிக்கவும்.

சலுகையை நிறுத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. இதை யாரும் திரித்து எழுத வேண்டாம். 2010 ஓகஸ்டில் நிறுத்தி 2017 மேயில்தான் திருப்பித் தந்தீர்கள். மனித உரிமைச் சமவாயங்கள் மூன்றை மீறியதற்கான தண்டனை அது. ஆனால் முதலில் நடுங்கியது லைனில் இருந்தவர்கள்தான், ஓடர் குறைந்தால் வேலை போவது எங்களுக்குத்தான். சலுகை இருக்கட்டும். அதன் பெயரால் நடக்கும் கண்காணிப்பு எங்கள் சிட்டை வரைக்கும் வரட்டும் என்பதே கோரிக்கை.

நீங்கள் தொழிற்சங்கங்களையும் அமைப்புகளையும் சந்திப்பது தெரியும். அத்தோடு ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள், வலயத்துக்கு வெளியே. நிர்வாகத்தார் பக்கத்தில் இருக்க வேண்டாம். சிங்களத்துக்கு ஒருவர், தமிழுக்கு ஒருவர் என மொழிபெயர்ப்பாளர்கள் வரட்டும். வன்னியிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வந்த பிள்ளைகள் சிங்களத்தில் தலையாட்டுவார்கள், தமிழில்தான் முறையிடுவார்கள். பெயரையும் இலக்கத்தையும் மறைத்துச் சிட்டைகளை நாங்களே கொண்டு வருகிறோம். மேன்பவர் என்னும் ஆள் வழங்கும் முகவர்கள் மூலம் நாட்கூலிக்குப் போகிறவர்களிடம் சிட்டையே இருக்காது, அதையும் குறித்துக்கொள்ளுங்கள். கர்ப்ப காலத்தில் எத்தனை பேருடைய கொடுப்பனவு வெட்டப்பட்டது என்பதை எண்ணி, அந்த எண்ணிக்கையை அடுத்த அறிக்கையில் போடுங்கள். அறிக்கையின் ஒரு பிரதி தமிழிலும் சிங்களத்திலும் எங்கள் கைக்கு வர வேண்டும்.

பதிலை எதிர்பார்த்து,
இப்படிக்கு,
கட்டுநாயக்கவில் முன்பு தையல் லைனில் வேலை செய்த ஒருத்தி