சாவு வீட்ல பாடினவருக்கு யாரு சர்டிபிகேட் தருவாங்க? – கலெக்டருக்கு ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்:
புளியந்தோப்பு தெருக்காரங்க சார்பா ஆட்டோ டிரைவர் ஒருத்தன்
(பேரு, அட்ரஸ், போன் நம்பர் பின்பக்கம் எழுதியிருக்கேன்)

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
சிங்காரவேலர் மாளிகை, ராஜாஜி சாலை, சென்னை - 1

பொருள்: எங்க தெருவுல இருக்கற கூத்து, கானா கலைஞருக்கு நலிந்த கலைஞர் உதவித்தொகையும் நாட்டுப்புறக் கலைஞர் நல வாரிய அட்டையும் கேட்டு.

ஐயா வணக்கம்,

எங்க தெருவுல எல்லாரும் நைனான்னு கூப்பிடற பெரியவர் ஒருத்தருக்காக இந்த மனுவ எழுதறேன். வயசு எழுபது தாண்டிடுச்சு. அவரோட முழு பேரு, ஆதார், ரேஷன் கார்டு நகல் எல்லாம் கூட வச்சிருக்கேன். நான் அவருக்கு சொந்தக்காரன் கிடையாது, பக்கத்து வீடு, அவ்ளோதான்.

நைனா பின்னி மில்லுல பதிலி தொழிலாளியா இருந்தவரு. வேலை இருக்கற நாள்ல மில்லு, இல்லாத நாள்ல மீன்பாடி வண்டி, அதான் மூணு சக்கர சரக்கு சைக்கிள். அவங்க அம்மா ஊரு காஞ்சிபுரம் பக்கம், அங்க சின்ன வயசுலயே ஒரு கூத்து வாத்தியார் கிட்ட போய் ஆட்டமும் பாட்டும் கத்துக்கிட்டாரு. முதல்ல பொம்பள வேஷம், அப்புறம் கர்ணன் வேஷம். கர்ண மோட்சம் கூத்து தெரிஞ்சவங்களுக்கு நான் சொல்ல வேணாம், செத்தவங்களுக்கு மோட்சம் கெடைக்கணும்னு காரியத்துக்கு வைக்கற கூத்து அது, விடிய விடிய நடக்கும். புஜக்கட்டையும் கிரீடமும் கட்டினு, மூஞ்சில அரிதாரம் பூசினு, பொண்டாட்டி பொன்னுருவி கிட்ட கர்ணன் போருக்கு போறேன்னு சொல்லிட்டு கெளம்பற எடத்துல அவரு இழுத்து பாடுவாரு பாருங்க, மைக் இல்லாத காலத்துலயே கடைசி வரிசைல உக்காந்தவங்க வரைக்கும் கேக்கும்னு எங்க ஆயா சொல்லும். ராத்திரி பூரா ஆடிட்டு காலைல மூஞ்சிய கழுவிட்டு மில்லு சங்கு ஊதறதுக்குள்ள கேட்டுக்கு வந்து நின்னுடுவாராம், காதோரம் அரிதாரம் ஒட்டினு இருக்கும், கூட வேலை செய்யறவங்க அதப் பாத்துட்டு நேத்து எந்த ஊருல கூத்துன்னு கேப்பாங்களாம்.

1996ல மில்லு மூடினாங்க. அதுக்கு மேல அந்த கதைய நான் உங்களுக்கு சொல்லத் தேவையில்ல, வட சென்னைல வேலை பாக்கற அதிகாரிங்க எல்லாருக்கும் தெரிஞ்சது தான். நைனா மொத்தமா மீன்பாடி வண்டிக்கு வந்துட்டாரு, காசிமேட்டுல இருந்து ஐஸ் பொட்டியும் மீன் கூடையும் ஏத்தினு மிதிப்பாரு. கூத்துக்கு கூப்பிடறது கொறைஞ்சு போச்சு, ஒரு செட்டு கூத்துன்னா ஆளு, முகவீணை, மிருதங்கம், ஆர்மோனியம், சாப்பாடு, வண்டின்னு செலவு இழுக்கும், எங்க ஜனத்துக்கு அது முடியல. அப்போ தான் அவரு முழுசா கானாவுக்கு வந்தாரு.

கானான்னா சினிமால வர்ற டான்ஸ் பாட்டுன்னு வெளில இருக்கற நெறைய பேர் நெனச்சினு இருக்காங்க. எங்க பக்கம் அது சாவு வீட்ல பொறந்தது ஐயா. செத்தவர ஐஸ் பெட்டில வச்சிருப்பாங்க, சாமியானா போட்டிருக்கும், பொம்பளைங்க ஒப்பாரி வச்சு தொண்டை கட்டிப் போன அப்புறம் ராத்திரி பத்து பதினோரு மணிக்கு மேல ஆம்பளைங்க கானா ஆரம்பிப்பாங்க. டோலக் இருந்தா டோலக், இல்லன்னா சட்டி, டேபிள், தீப்பெட்டி, எது கெடைக்குதோ அது தான் தாளம். நைனா போன உடனே பாட மாட்டாரு. முதல்ல வீட்டுக்காரங்க கிட்ட உக்காந்து செத்தவரு என்ன வேலை பாத்தாரு, எத்தன புள்ளைங்க, என்ன சாப்பாடு புடிக்கும், யார் கூட சண்டை போட்டு பேசாம இருந்தாருன்னு எல்லாம் கேட்டுப்பாரு, அப்புறம் பாட்டுல அத்தனையும் வரும். எங்க அப்பா ஹார்பர்ல மூட்டை தூக்கினவரு. அவரு செத்த அன்னிக்கு நைனா பாடின பாட்டுல அந்த கோணிப்பை வாசனையும் எங்கப்பா தோள்ல இருந்த காய்ப்பும் வந்துச்சு, எங்க சித்தப்பா கூட எங்கப்பா பேசாம இருந்ததும் வந்துச்சு, சித்தப்பா அங்கயே எழுந்து வந்து பெட்டி மேல விழுந்து அழுதாரு. எங்க அப்பாவப் பத்தி எழுதி வச்சது உலகத்துல எங்கயும் கிடையாது ஐயா, அந்த ஒரு ராத்திரி பாடினது தான்.

இந்தி எதிர்ப்பு போராட்டத்துல உயிர விட்ட தாளமுத்து, நடராசன் நினைவிடம் இருக்கற அதே மூலக்கொத்தளம் சுடுகாடு வரைக்கும் பாடினே நடந்து வருவாரு. ஏப்ரல் 14 அம்பேத்கர் பொறந்த நாளுக்கு தெருமுனைல பாடுவாரு, மாதா மேலயும் நாகூர் ஆண்டவர் மேலயும் பாட்டு கட்டியிருக்காரு, எந்த வீடா இருந்தாலும் போவாரு. துட்டு கொடுத்தா வாங்கிப்பாரு, இல்லாத வீட்ல கேட்டதே கிடையாது, டீ மட்டும் குடிச்சிட்டு காலைல வண்டி மிதிக்க போயிடுவாரு.

சினிமாலயும் தலை காட்டியிருக்காரு. சாவு சீன், மார்க்கெட் சீன், குப்பத்து சீன்னா ஏஜெண்ட் வந்து ஆளு இட்டுனு போவாரு, கூட்டத்துல நிப்பாரு, ஒரு தடவ ஸ்பாட்லயே பாட சொல்லி அந்த குரலயும் எடுத்துக்கிட்டாங்க. அன்னிக்கு பேட்டாவும் சாப்பாடும் கொடுத்ததோட சரி, டைட்டில்ல பேரு வரல. எந்த படம், எந்த கம்பெனின்னு நான் இங்க எழுத வரல, அவங்க மேல புகார் கொடுக்கறது இந்த மனுவோட வேலை இல்ல. 2006ல கானா உலகநாதன் அண்ணன் ஒரே பாட்டுல தமிழ்நாடு பூரா தெரிஞ்சப்போ எங்க தெருவே கொண்டாடுச்சு, நைனாவும் தான் கொண்டாடினாரு, அந்த அளவுக்கு ஒரு வாசல் எல்லாருக்கும் தொறக்காது இல்லயா.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். நைனாவுக்கு சுகர், கால் விரல் ரெண்டு எடுத்தாச்சு, வண்டி மிதிக்க முடியாது. ஸ்டான்லி ஆஸ்பத்திரில மருந்து வாங்கறாரு. முதியோர் உதவித்தொகை 1200 ரூபாய் வருது, அவரு சம்சாரம் காலைல இட்லி சுட்டு விக்குது, அத வச்சு தான் ஓடுது. நலிந்த கலைஞர்களுக்கு இயல் இசை நாடக மன்றம் மூலமா மாசம் 3000 ரூபாய் கொடுக்கற திட்டம் இருக்குன்னு கேள்விப்பட்டு அதுக்காக அலைஞ்சோம். ஒரு ஆபீஸ்ல நிகழ்ச்சி நடத்தின போட்டோ, நோட்டீஸ், சர்டிபிகேட், பேப்பர்ல வந்த செய்தி கேட்டாங்க. சாவு வீட்ல யாரு ஐயா நோட்டீஸ் அடிச்சு கானா வைப்பாங்க? செத்தவங்க வீட்ல போய் எனக்கு ஒரு சர்டிபிகேட் எழுதிக் கொடுங்கன்னு யாரு கேப்பாங்க? இன்னொருத்தர் கானா நாட்டுப்புறக் கலைல வருமான்னே கேட்டாரு. அந்த கேள்வி தான் என்ன தூங்க விடல. 2017ல யுனெஸ்கோ சென்னைய இசை நகரம்னு சேத்துக்கிச்சு, அந்த இசைல மயிலாப்பூர் சபா மட்டும் தான் இருக்கா, எங்க புளியந்தோப்பும் வியாசர்பாடியும் கெடையாதா? சென்னை சங்கமத்துல அரசாங்கமே நாட்டுப்புறக் கலைஞருங்கள மேடை ஏத்துது. பரவை முனியம்மா அம்மா மாதிரி பாட்டும் நடிப்பும் சேந்த ஒருத்தங்களுக்கு அரசு உதவியும் பண்ணுச்சு, 2019ல கலைமாமணியும் கொடுத்துச்சு. அந்த மனசு இருக்கற அரசாங்கம் தானன்னு நம்பித் தான் எழுதறேன்.

அதனால நாங்க கேக்கறது இது தான். பேப்பர் இல்லன்னு மனுவ திருப்பாம ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) இல்ல வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்) யாரயாவது எங்க தெருவுக்கு அனுப்பி நேர்ல விசாரிங்க. எந்த வீட்ல வேணும்னாலும் கதவ தட்டி கேக்கட்டும், எங்க வீட்டு சாவுக்கு அவரு பாடினாருன்னு சொல்லாத வீடு இருக்காது, வீட்டுக்கு வீடு கையெழுத்து வாங்கி இந்த மனு கூட வச்சிருக்கோம். தெரு சொல்றத சாட்சியா எடுத்துக்கிட்டு உங்க சிபாரிசோட கலை பண்பாட்டுத் துறைக்கும் மன்றத்துக்கும் அனுப்பி வைக்கணும். 1200, 3000 ரெண்டுல ஒண்ணு தான்னா 3000 போதும், அது மருந்துக்கும் வாடகைக்கும் ஆகும். நல வாரிய அட்டையும் வேணும், அவரு அத ரொம்ப ஆசைப்படறாரு, கலைஞர்னு கவர்மெண்ட் சீல் போட்ட அட்டை ஒண்ணு கைல இருக்கணும்னு.

இன்னொன்னு, இத அவரு கேக்கல, நான் கேக்கறேன். அவருக்கு கர்ணன் பாட்டு மொத்தமும் மனப்பாடம், அவரே கட்டின கானா எத்தனையோ இருக்கு, எதுவும் எழுதி வைக்கல. கலை பண்பாட்டுத் துறைல இருந்து யாராவது ரெக்கார்டிங் மிஷின் எடுத்துனு வந்து ரெண்டு மூணு நாள் உக்காந்து பதிவு பண்ணா போதும். மூச்சு வாங்குது, ஆனாலும் இன்னும் பாடறாரு. இத தள்ளிப் போட முடியாது ஐயா.

வர்ற திங்கக்கிழமை குறைதீர்க்கும் நாள்ல நாங்க நேர்லயே வர்றோம், நைனாவையும் ஆட்டோல இட்டுனு வர்றேன். அவரால படி ஏற முடியாது, அதனால கீழயே யாராவது அதிகாரி அவர பாத்து பேசற மாதிரி ஏற்பாடு பண்ணிக் கொடுக்கணும்னு தாழ்மையா கேட்டுக்கறேன்.

இப்படிக்கு,
புளியந்தோப்பு தெருக்காரங்க சார்பா

இணைப்பு: ஆதார், ரேஷன் கார்டு நகல், ஆஸ்பத்திரி சீட்டு, தெருக்காரங்க கையெழுத்து, கர்ணன் வேஷத்துல எடுத்த பழைய போட்டோ ஒண்ணு (இது ஒண்ணு தான் இருக்கு, பாத்துட்டு திருப்பிக் கொடுத்துடுங்க)