கோபர் கேஸ்: மேல்மலைக்கு வேற கணக்கு போடுங்க சார்

வணக்கம் ஆசிரியர் சார்,

போன வாரம் உங்க பேப்பர்ல சாண எரிவாயு பத்தி வந்த கட்டுரைய படிச்சேன். ரெண்டு மூணு மாடு இருந்தா சிலிண்டர் கவலை விட்டுச்சுன்னு எழுதியிருந்தீங்க, கீழ சமவெளில இருக்கற வத்தலக்குண்டு நிலக்கோட்டைக்காரங்களுக்கு அது நூத்துக்கு நூறு சரி. ஆனா அதே பேப்பர கொடைக்கானல் மேல்மலை ஊருங்களான பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, கூக்கால்லயும் படிக்கிறாங்க சார், படிச்சிட்டு கடன வாங்கி குழிய தோண்டிட்டாங்கன்னா மார்கழி பொறந்ததும் அடுப்புல பூனைதான் தூங்கும்.

இங்க கோபர் கேஸ் வராதுன்னு நான் சொல்ல வரல. வரும், எங்க வீட்ல எரியுது. கீழ போடுற கணக்க அப்படியே மேல தூக்கிட்டு வராதீங்கன்னுதான் சொல்றேன்.

சாணிலேர்ந்து மீத்தேன் எடுக்கறது காத்து படாத எடத்துல வாழுற நுண்ணுயிருங்க. 35 டிகிரி சூடு இருந்தா அதுங்களுக்கு கொண்டாட்டம், 20க்கு கீழ போனா சுணங்கிரும், 10க்கு எறங்கிட்டா ஏறக்குறைய வேலையே நடக்காது. கீழ ஒரு ராத்திரில பொங்கி வழியுற இட்லி மாவு எங்க ஊர்ல மறுநாள் மதியம் வரைக்கும் அப்படியே கெடக்கும்ல, அதே கததான். கொடைக்கானல் இருக்கறது 7,000 அடி உயரத்துல, டிசம்பர் ஜனவரில ராத்திரி 10 டிகிரிக்கு கீழ போறது சாதாரணம், பள்ளத்துப் பக்கம் புல்லு மேல உறைபனி வெள்ளையா படிஞ்சு கெடக்கும்.

சிக்கல் எங்கன்னா, சாணிக் கரைசல் தொட்டிக்குள்ள எத்தன நாள் தங்கணும்னு மாநில வாரியா ஒரு கணக்கு இருக்கு. தமிழ்நாடு, கேரளா, கர்நாடகாவுக்கெல்லாம் 30 நாள். குஜராத், பஞ்சாப், பீகாருக்கு 40. இமாச்சல், சிக்கிம், காஷ்மீர் மாதிரி குளிர் எடத்துக்கு 55. உத்தரகண்ட் பிரியறதுக்கு முந்தின உத்தரப் பிரதேசத்துல சமவெளி தனி மலை தனின்னு பிரிக்கத் தெரிஞ்சவங்களுக்கு தமிழ்நாட்ட பிரிக்கத் தோணல, ராமநாதபுரத்துக்கும் 30 ஊட்டிக்கும் 30 கொடைக்கானலுக்கும் 30. என்னத்த சொல்ல.

அதனால என்ன ஆகுதுன்னு பாருங்க. தெனம் ஒரு கனமீட்டர் கேஸ் வேணும்னா சுமாரா 25 கிலோ சாணி போடணும், சரிக்கு சரி தண்ணி ஊத்தி கரைச்சா 50 லிட்டர் ஆகும். 30 நாள்னா 1,500 லிட்டர் கரைசலுக்கு எடம் வேணும், 55 நாள்னா 2,750 லிட்டர், அதாவது கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு குழி. 30 நாள் தொட்டிய மேல்மலைல கட்டுனா பாதி செரிக்காத சாணி அந்தப் பக்கம் தானா வெளிய வந்துரும், கேஸா மாறியிருக்க வேண்டியது வாய்க்கால்ல போயிரும். மானியமோ எத்தன கனமீட்டர் கேஸ்னு பாத்துதான் தர்றாங்க, எவ்வளவு பெரிய குழின்னு பாத்து இல்ல, அதிகப்படி செங்கல் சிமெண்ட் எல்லாம் நம்ம தலைல.

ஒரு கனமீட்டர்ல என்ன லாபம்னு கேப்பீங்க. அது சிலிண்டர் கேஸ் அரைக் கிலோவுக்கு கொஞ்சம் கம்மி, மாசம் பூரா ஒழுங்கா வந்தா 14.2 கிலோ சிலிண்டர் ஒண்ண நெருங்கும். குளிர் மாசத்துல பாதி வந்தாலே பெரிசு, அத முன்னாடியே சொல்லிட்டா யாரும் ஏமாற மாட்டாங்க. பாதி வந்தாலும் எங்களுக்கு லாபம்தான் சார், விறகுக்கு காட்டுக்குள்ள போனா எந்தப் பொதருல காட்டுமாடு நிக்குதுன்னு தெரியாது, 2013ல சரணாலயம் ஆனதுலேர்ந்து கெடுபிடி வேற.

எங்க பக்கத்து தோட்டத்து அண்ணன் ஒரு கம்பெனிக்காரங்க பேச்ச நம்பி தரைக்கு மேல வைக்கிற பிளாஸ்டிக் தொட்டி வாங்குனாரு. வெயில் காலத்துல ஜோரா எரிஞ்சுச்சு, ஐப்பசில மழையும் மேகமும் எறங்குனதும் டீ போடக்கூட பத்தல, போன் பண்ணா இன்னும் சாணி போடுங்க சார்னு சொல்லியிருக்காங்க, இவரும் அள்ளி அள்ளி போட்டாரு, செரிக்காம உள்ளயே புளிச்சுப் போயி வந்துட்டிருந்த கொஞ்ச கேஸும் நின்னு போச்சு. குளிருல தீனிய கொறைக்கணும், கூட்டக் கூடாது, அது விக்கிறவங்களுக்கே தெரியல. இப்ப அந்தத் தொட்டில பூண்டுக்கு தண்ணி புடிச்சு வைக்கிறாரு.

காதி கமிஷன் பரப்புன இரும்பு டிரம் மிதக்குற மாடலும் இங்க சரிப்படாது, இரும்பு வழியா சூடு போயிரும், இந்த ஈரத்துக்கு துருவும் புடிக்கும். எங்களுக்கு ஏத்தது 1984ல அஃப்ரோ (AFPRO)ங்கற தொண்டு அமைப்பு கொண்டு வந்த தீனபந்து மாடல்தான், செங்கல் சிமெண்ட்ல தரைக்குள்ளயே கும்மட்டமா கட்டுறது. மண்ணுக்குள்ள இருக்கறதால ராத்திரி குளிர் சட்டுன்னு தாக்காது. அதுக்கு மேல மண்ண மூடி, சுத்தி எருக்குவியல போட்டு வச்சா அது மக்குற சூடும் சேரும், பூ வளர்க்கிற பாலிஹவுஸ்ல கழிச்சுப் போடுற ஷீட்ட வாங்கி வளைச்சுக் கட்டுனா பகல் வெயிலும் புடிச்சு வைக்கும். இதுக்கெல்லாம் பெரிய செலவே இல்ல.

இன்னொண்ணு, கீழ இருக்கறவங்களுக்கு இல்லாத வசதி ஒண்ணு நமக்கு இருக்கு, சரிவு. தொழுவம் மேல, தொட்டி நடுவுல, பூண்டுப் பாத்தி கீழன்னு அமைச்சா சாணிய சுமக்கவும் வேண்டாம், கேஸ் எடுத்தப்புறம் வெளிய வர்ற கரைசல், அதான் ஸ்லரி, அத சுமக்கவும் வேண்டாம், தானா எறங்கிரும். ஆனா சமையக்கட்டு பக்கத்துல இருக்கணும், இந்த கேஸுக்கு பிரஷர் கம்மி, ரொம்ப தூரம் தள்ளாது. பைப் எங்கயும் தொங்கக் கூடாது, தொங்குன எடத்துல தண்ணி கோத்து நின்னு அடுப்பு பக்கு பக்குன்னு எரிஞ்சு அணையும், தொட்டில கேஸ் இல்லன்னு நெனச்சு திட்டிட்டிருப்போம்.

மாட்டுக் கணக்குலயும் ஒரு விஷயம் விட்டுப்போச்சு. ஒரு மாடு பத்து கிலோ சாணி போடும்ங்கறது கட்டிப்போட்டு வளக்குற மாட்டுக்கு. இங்க மாடு பகல் பூரா மேய்ச்சல்ல, பாதி சாணி மலைலயே போயிரும், ராத்திரி தொழுவத்துல விழுறதுதான் நமக்கு. அஞ்சு மாடு வச்சிருக்கறவரும் ஒரு கனமீட்டர் தொட்டியோட நிறுத்திக்கறது நல்லது, ரெண்டு கனமீட்டர் கட்டி காலியா வச்சுக்கறதுல என்ன பெரும.

கரைக்கறதுதான் தெனப்படி வேலை. பைப் தண்ணி காலைல ஐஸ் மாதிரி இருக்கும், அத அப்படியே ஊத்துனா உள்ள இருக்கற கொஞ்ச நஞ்ச சூடும் போச்சு. எங்க வீட்ல கருப்பு டிரம்ல தண்ணிய புடிச்சு வெயில்ல வச்சிட்டு மதியம் ரெண்டு மணிக்கு மேலதான் கரைப்பாங்க, கைய விட்டு புல்லுத் தண்டு, வைக்கோல், சின்ன கல்லு எல்லாத்தையும் பொறுக்கிப் போட்டுட்டு தோசை மாவு பதத்துக்கு வந்தப்புறம்தான் கதவ தூக்கி விடுவாங்க. பொறுக்காம விட்டா தண்டெல்லாம் மேல மிதந்து ஏடு கட்டி கேஸ் வெளிய வராது. தொழுவம் கழுவுற பினாயில் தண்ணியும், ஊசி போட்ட மாட்டுச் சாணியும் உள்ள போகக் கூடாது, உள்ள இருக்கற உயிரெல்லாம் செத்துரும்.

மொதல்ல தொட்டிய நெரப்புறது மார்ச் ஏப்ரல்ல இருக்கணும். மானியப் பணம் எப்ப வருதோ அப்ப கட்டி கார்த்திகைல நெரப்புனா வைகாசி வரைக்கும் காத்துக் கெடக்க வேண்டியதுதான். ஓடிக்கிட்டிருக்கற தொட்டிலேர்ந்து பத்து குடம் பழைய கரைசல் கொண்டாந்து ஊத்துனா சீக்கிரம் புடிச்சுக்கும். மொத வர்ற கேஸ பத்த வைக்காதீங்க, அதுல காத்து கலந்திருக்கும், வெடிக்கும், தொறந்து வெளிய விட்டுருங்க.

ஸ்லரிய பத்தி கட்டுரைல ஒரே வரிதான் இருந்துச்சு. மேல்மலைல எனக்கு கேஸவிட அதுதான் பெரிசு. பச்சை சாணிய குவிச்சு வச்சா தழைச்சத்து ஆவியா போயிரும், மழைல பாதி கரைஞ்சு ஓடிரும், ஸ்லரில அந்தச் சத்து பெரும்பாலும் அப்படியே நிக்கும், ஈயும் நாத்தமும் கொறவு. லாரி லாரியா கோழி எரு வாங்கிப் போடுறதுக்கு இது எவ்வளவோ மேல்.

அதிகாரிங்களுக்கு உங்க பேப்பர் வழியா கேக்கறது இதுதான்: ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானல் தாலுகாவுக்கு 55 நாள் கணக்குல தொட்டி வடிவம் குடுங்க, மானியத்த அந்த குழி அளவுக்கு குடுங்க, கும்மட்டம் கட்டத் தெரிஞ்ச கொத்தனாருங்கள மேல்மலைலயே நாலு பேர பழக்கி விடுங்க, ஏன்னா கும்மட்டத்துல மயிரிழை வெடிப்பு இருந்தாலும் மீத்தேன் கசிஞ்சுரும், அது கரியமில வாயுவவிட 25 மடங்குக்கு மேல பூமிய சூடாக்குற சாமான். அப்புறம் எரியுதா இல்லையான்னு ஆய்வுக்கு வர்றவங்க மே மாசம் சீசனுக்கு வராம ஜனவரில ஒரு தடவ வாங்க.

இப்படிக்கு,
ஒரு பூண்டு விவசாயி,
மேல்மலை, கொடைக்கானல் தாலுகா