திரைப்படக் கழகச் செயலாளர் ஆண்டறிக்கை: கௌபாய் படங்களும் அதில் வந்த முகங்களும்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார், செயற்குழுவிலும் மாற்றம் இல்லை. அதனால் இந்த வருஷம் நாம் பார்த்த படங்களைப் பற்றியே சொல்லிவிடுகிறேன். 1950, 60களின் கௌபாய் படங்களை வரிசையாகத் திரையிடலாம் என்று முடிவானபோது, யார் வேடத்தில் யார் நடித்தார்கள் என்பதையும் ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் பேசியே ஆகவேண்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

முதலில் இயக்குநர் டெல்மர் டேவ்ஸின் 'ப்ரோக்கன் ஆரோ' (1950). அமெரிக்கப் பூர்வகுடிகளான அப்பாச்சிகளை வாக்கு தவறாத மனிதர்களாகக் காட்டிய படம், அதன் நல்ல எண்ணத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் தலைவர் கொச்சீஸாக நடித்து ஆஸ்கர் பரிந்துரை வரை போனவர் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்த, பூர்வகுடி அல்லாத ஜெஃப் சாண்ட்லர். மொஹாக் என்ற பூர்வகுடி இனத்தவரான ஜே சில்வர்ஹீல்ஸுக்கு ஜெரோனிமோ என்ற சின்ன வேடம்தான். 'தி சர்ச்சர்ஸ்' (1956) படத்திலும் இதே கதை. கொமாஞ்சி என்ற பூர்வகுடிகளாக வருகிற கூட்டம் நிஜத்தில் நவஹோ என்ற இன்னொரு பூர்வகுடி மக்கள், தலைவன் ஸ்கார் மட்டும் பெர்லினில் பிறந்த ஹென்றி பிராண்டன். இயக்குநர் ஜான் ஃபோர்டு நவஹோக்களின் மண்ணான மானுமெண்ட் வேலிக்கே போய்ப் படம் எடுக்கிறார், குதிரையில் தூரத்தில் போவதற்கு அவர்கள் வேண்டும், கேமரா முகத்துக்குப் பக்கத்தில் வரும்போது வேறு ஆள் வேண்டும் என்றால் அது எப்படிச் சரியாகும்?

'ஹை நூன்' (1952) வேறு மாதிரி. மெக்சிகோ நடிகை கேட்டி ஹுராடோ, ஊரில் சொந்தமாகக் கடை வைத்து நடத்தும் ஹெலன் ராமிரேஸாக வருகிறார். ஊர்க் காவல் அதிகாரியான மார்ஷல் அவரைப் பார்க்க வரும் காட்சியில், உன்னைப் பார்த்து ஒரு வருஷம் ஆகிறது என்று ஹெலன் ஸ்பானிஷில் சொல்கிறார், தெரியும் என்று மார்ஷலும் ஸ்பானிஷிலேயே பதில் சொல்கிறார். அவ்வளவுதான், விளக்கம் எதுவும் கிடையாது. அவள் மொழியை அவன் படித்திருக்கிறான் என்பதிலேயே பழைய உறவு முழுக்கத் தெரிந்துவிடுகிறது. இந்த வேடத்துக்காக ஹுராடோவுக்கு கோல்டன் குளோப் கிடைத்தது.

நம் உறுப்பினர்கள் ரொம்ப நேரம் விவாதித்தது ஃபோர்டின் 'சார்ஜென்ட் ரட்லெட்ஜ்' (1960) பற்றித்தான். வெள்ளைக்காரப் பெண்ணைச் சீரழித்துக் கொன்றதாகப் பழி சுமத்தப்பட்ட கறுப்பினச் சிப்பாய், தப்பித்துப் போனவர், தன் படையான ஒன்பதாம் குதிரைப்படைக்கு ஆபத்து என்றதும் திரும்பி வருகிறார். ஏன் வந்தாய் என்று ராணுவ நீதிமன்றத்தில் கேட்கும்போது, ஒன்பதாம் குதிரைப்படைதான் என் வீடு, என் சுயமரியாதை, நான் ஒரு மனுஷன் என்று உடைந்து போய்ச் சொல்லும், ரட்லெட்ஜாக நடித்த வுடி ஸ்ட்ரோடைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் படத்துக்கே அவர் பாத்திரத்தின் பெயர்தான், ஆனாலும் நடிகர் பட்டியலில் முதல் பெயர் வெள்ளைக்கார நடிகர் ஜெஃப்ரி ஹண்டருடையது. இன்னொன்று, அதே படத்தில் அப்பாச்சிகள் வெறும் எதிரிகளாக வந்து போகிறார்கள். ஒருவருக்குக் கொடுத்த மரியாதையை மற்றவரிடம் பிடுங்கியிருக்க வேண்டாம்.

அந்தக் காலத்து நிஜக் கௌபாய்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் கறுப்பினத்தவர் என்பது வரலாற்றாய்வாளர்களின் மதிப்பீடு. ஆகவே அடுத்த ஆண்டை கறுப்பின நடிகர் சிட்னி புவாட்டியே தானே இயக்கி நடித்த 'பக் அண்ட் த ப்ரீச்சர்' (1972) படத்தோடு தொடங்க வேண்டும் என்று முன்மொழிகிறேன். பொதுக்குழு இன்றே முடிவெடுத்தால் திரையிடும் உரிமைக்கு எழுதிவிடலாம்.

செயலாளர்