கைக்கோடாலி கேட்ட முருகேசனுக்கு

ஒத்தக்கடை, மதுரை
ஞாயிறு இரவு

அன்புள்ள முருகேசா,

இதில் எந்தக் கைக்கோடாலியை வாங்கலாம் என்று கேட்டு நீ அனுப்பிய மூன்று படங்களும் வந்து சேர்ந்தன. போனில் பேசினால் பாதியைச் சொல்லிவிட்டு மீதியை மறந்துவிடுவேன். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் நாளே பேப்பரைக் கையில் எடுத்துவிட்டார். உன்னைப் பற்றித்தான் முதலில் விசாரித்தார். மழை பெய்ததில் ஆனைமலை அடிவாரம் முழுக்கப் பச்சை பிடித்துக் கிடக்கிறது.

ஜனவரியில் பையனைக் கூட்டிக்கொண்டு சிறுமலை எஸ்டேட்டில் இரண்டு நாள் கூடாரம் அடிக்கப் போகிறாய் என்று படித்ததும் சந்தோஷமாக இருந்தது. கூடவே ஒரு பயமும் வந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

நாலு வருஷத்துக்கு முன் அதே எஸ்டேட்டுக்கு நானும் அக்கா மகனும் போனோம். ஆன்லைனில் மலிவாகக் கிடைத்தது என்று ஒரு கைக்கோடாலி வாங்கியிருந்தேன். பார்க்கப் பளபளவென்று இருந்தது, கூடவே உறை வேறு. சாயங்காலம் விறகு பிளக்கும்போது, பத்தாவது வெட்டோ பதினோராவது வெட்டோ, கையில் கனம் சட்டென்று குறைந்தது. தலை கழன்று, காபிச் செடி ஓரம் உட்கார்ந்திருந்த பையனின் காலுக்கு ஒரு முழம் தள்ளி மண்ணில் குத்தி நின்றது. அவன் சிரித்தான். எனக்குக் கை நடுக்கம் நிற்க அரைமணி நேரம் ஆனது. காம்பின் மேல் நுனியைத் திருப்பிப் பார்த்தேன். மர ஆப்பு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ஆணியை அடித்து, மேலே கறுப்புப் பெயின்ட் பூசியிருந்தார்கள். வாங்கிய அன்றே நகத்தால் சுரண்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

அன்றிலிருந்து யார் கோடாலி காட்டினாலும் நான் முதலில் பார்ப்பது வெட்டும் வாயை அல்ல, காம்பைத்தான். தலைக்கு மேல் தெரியும் காம்பு நுனியில் மரத்தின் ரேகை எப்படி ஓடுகிறது என்று பார். வாயிலிருந்து பிடரிக்கு, அதாவது தலையின் பின்பக்கத்துக்கு, போகும் திசையிலேயே ரேகை ஓடினால் காம்பு அடியைத் தாங்கும். குறுக்கே ஓடினால் என்றாவது ஒருநாள் முறியும். பிறகு பக்கவாட்டில் பார். நுனியில் தொடங்கும் ரேகை கைப்பிடி வரை விலகாமல் வர வேண்டும். பாதியிலேயே வெளியே நழுவிப் போனால் அந்த இடத்தில்தான் பிளவு விழும். கடைசியாக ஆப்பு. துளை முழுக்க நிறைந்து, இடுக்கில்லாமல் இருக்க வேண்டும்.

நம் ஊருக்கு இது இன்னும் முக்கியம். சித்திரை, வைகாசி வெயிலில் மரம் வற்றிச் சுருங்கும். கார்த்திகையில் கெட்டியாக இருந்த தலை கத்திரி வெயிலில் ஆட ஆரம்பிக்கும். நம் அப்பாக்கள் அப்படியே தண்ணீர் வாளியில் போட்டு வைப்பார்கள், ஞாபகம் இருக்கிறதா? மரம் ஊதித் தலை இறுகிவிடும், உண்மைதான். ஆனால் இரும்புக்குள் ஊத இடமில்லாமல் நார் நசுங்கிவிடுகிறது. காய்ந்ததும் முன்னைவிட மோசமாக ஆடும். ஆப்பை இன்னும் கொஞ்சம் இறக்குவதோ புது ஆப்பு போடுவதோதான் சரி. வருஷத்துக்கு இரண்டு தடவை ஆளிவிதை எண்ணெய் தடவிவிடு. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதே, தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்துப் பிறகு எறி.

இனி உன் மூன்று படங்கள்.

ஃபிஸ்கார்ஸ் எக்ஸ்7. ஆரஞ்சுக் கைப்பிடிக் கத்தரிக்கோல் செய்கிற அதே ஃபின்லாந்துக் கம்பெனிதான். 1649இல் ஓர் இரும்பாலையாகத் தொடங்கியது. காம்பு உள்ளே கூடான பிளாஸ்டிக் நார்க் கலவை. அதைத் தலையைச் சுற்றியே வார்த்துவிடுகிறார்கள், அதனால் தலை கழலும் பேச்சே கிடையாது. வெயிலில் சுருங்கவும் செய்யாது. தலை ஆப்பு வடிவத்தில் பருத்திருப்பதால் விறகு நன்றாகப் பிளக்கும். காம்பு உடைந்தால் மாற்ற முடியாது என்பது ஒன்றுதான் குறை.

எஸ்ட்விங், அமெரிக்காவின் ராக்ஃபோர்டில் செய்வது. தலையும் காம்பும் ஒரே எஃகு, பிடியில் தோல் வளையங்கள். மச்சான் ஒன்று கொண்டுவந்து ஒரு மாதம் என் வீட்டில்தான் இருந்தது. உடையவே உடையாது. ஆனால் காய்ந்த கட்டையில் போட்டால் அதிர்ச்சி முழங்கை வரை ஏறுகிறது. காம்பும் இரும்பானதால் எடை தலையில் நிற்காமல் கைப்பக்கம் வந்துவிடுகிறது. வெட்டு இறங்க நாம்தான் பலம் கொடுக்க வேண்டியிருக்கிறது. உனக்குத் தோள்பட்டை வலி இருப்பதால் இது வேண்டாம்.

மூன்றாவது, ஸ்வீடனின் கிரான்ஸ்ஃபோர்ஸ். அழகென்றால் அதுதான் அழகு. ஹிக்கரி மரக் காம்பு, மொத்தமே சுமார் 600 கிராம். அடித்த கொல்லர் தன் பெயரின் முதலெழுத்தைத் தலையில் பொறித்துத்தான் வெளியே விடுவார். அந்த வழக்கத்துக்காகவே எனக்கு அவர்கள்மேல் மரியாதை. ஆனால் அதன் வாய் மெல்லியது. பைன், பிர்ச் போன்ற மரங்களைச் செதுக்க அது அருமை. நீ எரிக்கப் போவதோ சீமைக் கருவேலம். பச்சையாக இருக்கும்போது மரியாதையாக வெட்டுப்படும். காய்ந்துவிட்டால் முறுக்கிக்கொண்டு கல்லாகிவிடும். கணுவில் பட்டால் மெல்லிய வாய் மடியும், இல்லையென்றால் பல் விழும். அத்தனை விலை கொடுத்து வாங்கியதைப் பல் விழ விட எனக்கு மனசு வராது.

அருவாள் இருக்கும்போது கோடாலி எதற்கு என்று உன் அண்ணன் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. பச்சைக் கொப்பு கழிக்க, முள்ளை இழுத்துப் போட, மட்டை வெட்ட அருவாளை அடிக்க ஆளில்லை. கட்டையைப் பிளக்கும்போதுதான் அது தோற்கிறது. மெல்லிய தகடு மரத்துக்குள் இறங்கி மாட்டிக்கொள்ளுமே தவிர, இரண்டு பக்கமும் தள்ளிப் பிளக்காது. குறுக்கே துண்டுபோட ஒரு மடக்கு ரம்பம் எடுத்துக்கொள். பாதி உழைப்பு மிச்சம். ரம்பம் குறுக்கே, கோடாலி நெடுக்கே. கைக்கோடாலியால் கட்டையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு நிற்பது வீண் வேலை.

என் கோடாலி கதைக்கு வருகிறேன். சிறுமலையில் நடந்ததுக்குப் பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு கீழடி விலக்கு, திருப்புவனம் தாண்டி, அருவாளுக்குப் பேர்போன திருப்பாச்சேத்திக்கே போனேன். ஆசாரி கேட்ட முதல் கேள்வி, “மரம் வெட்டவா, விறகு பிளக்கவா?” ஆன்லைனில் எந்தக் கடையும் என்னிடம் அதைக் கேட்கவில்லை. லாரியின் வில் பட்டை அருவாளுக்குத்தான் ஆகும், கோடாலிக்கு உடம்பு வேண்டும் என்று பழைய லாரி அச்சுத் துண்டு ஒன்றை எடுத்து உலையில் வைத்தார். காம்புத் துளையைச் சூட்டிலேயே துளைத்தார். தோய்ச்சல் போடும்போது, அதாவது பழுத்த இரும்பை முக்கிக் கடினமாக்கும்போது, பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வாயை மட்டும் இரண்டு விரல் அகலம் எண்ணெயில் முக்கி எடுத்தார். செங்கல் துண்டால் தேய்த்து வெள்ளை தெரிய வைத்துவிட்டு, பேசாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிடரியில் மிச்சமிருந்த சூடு மெல்ல இறங்கி வந்தது. முதலில் வைக்கோல் நிறம், அப்புறம் பழுப்பு. ஓரத்தில் கத்தரிப்பூ நிறம் எட்டிப் பார்த்த அந்த நொடியில் தண்ணீரில் போட்டுவிட்டார். கொஞ்சம் முந்தினால் வாய் நொறுங்குமாம், பிந்தினால் மழுங்குமாம். வீட்டுக்கு வந்து அரம் போட்டுப் பார்த்தேன். கடித்தது, ஆனால் சிரமப்பட்டுக் கடித்தது. அதுதான் பதம். வழுக்கிக்கொண்டு போனால் அளவு மீறிக் கடினம், வெண்ணெய்போல இழுத்தால் பச்சை இரும்பு.

தலை 650 கிராம். காம்பு கருவேல வைரம், 40 சென்டிமீட்டர். கருவேலம் என்றால் நம் நாட்டுக் கருவேலம், சீமையல்ல. மூன்று வருஷமாக அடிக்கிறேன், இரண்டு தடவைதான் சாணை பிடித்தேன். ஆகவே என் யோசனை, திருப்பாச்சேத்திக்கு ஒரு நடை போய் வருவோம். நேரமில்லை என்றால் ஃபிஸ்கார்ஸ் வாங்கிக்கொள், தப்பில்லை.

பையன் கையில் கொடுக்கும்போது ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிக்கொடு. கைக்கோடாலியால் நின்றுகொண்டு பிளக்கக் கூடாது. பெரிய கோடாலி குறி தவறினால் மண்ணில் இறங்கும். குட்டைக் காம்பு குறி தவறினால் நேராக முழங்காலுக்குத்தான் வரும். மண்டியிட்டு, கீழே ஒரு தடித்த கட்டையை வைத்து, அதன்மேல் வைத்துப் பிளக்கட்டும். சின்னச் சிறாய் என்றால் வாயை விறகின் தலையில் பதித்து, இரண்டையும் சேர்த்துத் தூக்கித் தட்டினால் போதும், ஓங்கவே வேண்டாம்.

எஸ்டேட்டின் பட்டா நிலத்துக்குள்ளேயே இருங்கள். வேலிக்கு அந்தப் பக்கம் வனத்துறைக் காடு, ஒரு சுள்ளிகூட ஒடிக்கக் கூடாது. அங்கிருந்து மேகமலை போகலாமா என்று கேட்டிருந்தாய். போகலாம், ஆனால் கோடாலியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போ. அது 2021இலிருந்து புலிகள் காப்பகம், சரணாலயத்துக்குள் அனுமதியில்லாமல் ஆயுதம் கொண்டு போவது குற்றம். தீ விஷயத்திலும் கவனம். 2018 மார்ச் 11 குரங்கணிக் காட்டுத்தீயை நீயும் மறந்திருக்க மாட்டாய். ஜனவரியிலேயே புல் காய ஆரம்பித்துவிடும். மண்ணைச் சுரண்டிக் குழியெடுத்து மூட்டு. படுக்கப் போகும் முன் தண்ணீர் ஊற்றி, சாம்பலுக்குள் கைவிட்டுப் பார்த்துவிட்டுப் படு.

பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமை வருகிறாய் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். ஆசாரிக்குப் போன் போட்டு ஓர் அச்சுத் துண்டு எடுத்துவைக்கச் சொல்கிறேன். காம்புக்கு என்னிடம் ஒரு கருவேலக் கட்டை நிழலில் காய்ந்துகொண்டிருக்கிறது. உன் கை அளவுக்குச் செதுக்க வேண்டும், நடுவிரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரை அளந்து எழுது. உன் அப்பாவின் பழைய பெரிய அரம் பரணில் கிடந்தால் அதையும் எடுத்துக்கொண்டு வா.

அன்புடன்,
பாண்டி