ஊர்வலத்துக்கு முன்பே வந்த சட்டம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்கப் பள்ளித் துப்பாக்கிச் சூடுகள் பற்றிய கட்டுரையில், புளோரிடா மாநிலத்தின் பார்க்லேண்ட் பள்ளி மாணவர்கள் துப்பாக்கிக் கட்டுப்பாடு கேட்டு நடத்திய போராட்டம் ஊர்வலத்தோடு அடங்கிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். வாஷிங்டன் ஊர்வலம் நடந்தது 2018 மார்ச் 24-இல். புளோரிடா ஆளுநர் புதிய துப்பாக்கிச் சட்டத்தில் கையெழுத்திட்டதோ மார்ச் 9-இலேயே!

பிப்ரவரி 14 அன்று அந்தப் பள்ளியில் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, சட்டமன்றக் கூட்டத்தொடர் முடிய மூன்று வாரம்தான் மிச்சம். அங்கே ஆண்டுக்கு 60 நாள்தான் வழக்கமான கூட்டத்தொடர். விட்டால் அடுத்த வருடம். அதனால்தான் ஒரு வாரம்கூட ஆகாத நிலையில், சுமார் 100 மாணவர்கள் பேருந்தேறி 700 கி.மீ. தள்ளியுள்ள தலைநகர் டாலஹாசிக்குப் போய், உறுப்பினர்களின் அறைகளில் ஏறி இறங்கினார்கள். துக்கம் ஆறட்டும் என்று இருந்திருந்தால் பூட்டிய கதவைத்தான் பார்த்திருப்பார்கள்.

சுட்டவன் ரைஃபிளைச் சட்டப்படி வாங்கியபோது வயது 18. புதிய சட்டம் எந்தத் துப்பாக்கி வாங்கவும் 21 வயது என்றாக்கியது. ரைஃபிளுக்கும் 3 நாள் காத்திருப்பு, பம்ப் ஸ்டாக் (ரைஃபிளைப் படபடவென்று சுட வைக்கும் இணைப்பு) தடை ஆகியவையும் வந்தன. ராணுவ பாணி ரைஃபிள்களுக்குத் தடை மட்டும் கிடைக்கவில்லை. அதை விவாதத்துக்கு எடுக்கும் தீர்மானமே 36-க்கு 71 என்று தோற்றது. பள்ளி ஊழியர் சிலருக்குத் துப்பாக்கி கொடுக்கும் திட்டமும் அதே சட்டத்தில் ஏறியது. மாணவர்கள் கேட்டது அதுவல்ல.

என் கணிப்பில் முக்கியமானது 'ரெட் ஃபிளாக்' பிரிவு. ஆபத்தானவர் என்று தெரியும் ஒருவரின் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடலாம். முதலில் தற்காலிக உத்தரவு, 14 நாளுக்குள் விசாரணை, பிறகு 12 மாதம் வரை தடை. ஆனால் புளோரிடாவில் மனுவைக் காவல்துறைதான் போட முடியும். பெற்றோருக்கோ ஆசிரியருக்கோ அந்த உரிமை இல்லை. மனுவோடு சத்தியப் பிரமாண வாக்குமூலம் வேண்டும்: அவர் என்ன சொன்னார், என்ன செய்தார், எத்தனை துப்பாக்கி, என்ன ரகம், எங்கே இருக்கிறது. "பையன் சரியில்லை சார்" என்று மொட்டையாகச் சொன்னால் மனு நிற்காது. மிரட்டல் செய்தியின் ஸ்கிரீன்ஷாட்டைத் தேதியோடு கொடுத்தால் காவலருக்கு எழுத ஏதாவது இருக்கும்.

21 வயது வரம்பு எட்டாத இடம் வீட்டு அலமாரி. பள்ளித் தாக்குதல்களை ஆராய்ந்த, அமெரிக்க அதிபரின் பாதுகாப்பு அமைப்பான சீக்ரெட் சர்வீஸின் 2019 அறிக்கைப்படி, துப்பாக்கி ஏந்தியவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் அதைப் பெற்றோர் அல்லது நெருங்கிய உறவினர் வீட்டிலிருந்தே எடுத்திருக்கிறார்கள். இந்த ஓட்டையை அடைக்க மிச்சிகன் மாநிலத்தில் 2024 பிப்ரவரியில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது: சிறுவர் வந்துபோகும் வீட்டில் துப்பாக்கியைத் தோட்டா எடுத்துப் பூட்டி வைக்க வேண்டும், அல்லது பூட்டிய பெட்டிக்குள் வைக்க வேண்டும். பூட்டாமல் விட்டதை ஒரு சிறுவன் எடுத்து உயிர் போனால், வைத்தவருக்கு 15 ஆண்டு வரை சிறை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்