திங்கட்கிழமை விடுமுறை என்று ஒரு வரி போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொல்கத்தாவை நான்கு நாளில் சுற்றிப் பார்ப்பது பற்றிச் சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து உட்கார்ந்து படித்தோம். நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள், ஆனால் கடைசி நாளுக்குப் போட்டிருந்த பட்டியலைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்று ஆகிவிட்டது. இந்திய அருங்காட்சியகம், விக்டோரியா நினைவு மண்டபம், ஜொராசாங்கோவில் தாகூர் பிறந்த வீடு. மூன்றுக்கும் திங்கட்கிழமை விடுமுறை. கட்டுரையில் அது எங்கேயும் இல்லை. வேலைக்குப் போகிறவர்கள் சனி, ஞாயிறை ஒட்டித்தானே லீவு போட்டுக் கிளம்புவார்கள்? வெள்ளிக்கிழமை காலை போய் இறங்கினால் நான்காம் நாள் திங்கள்.

எங்களுக்கு அப்படியேதான் நடந்தது. 2025 ஜனவரியில் போனோம். பயணத்தைத் திட்டமிட்டுக் கொடுத்தவர் முதல் மூன்று நாளில் தட்சிணேஸ்வரம், பேலூர் மடம், காளிகாட் என்று கோயில்களை முடித்துவிட்டு, மற்றதையெல்லாம் கடைசி நாளில் வைத்திருந்தார். இரவு ஹவுராவில் ரயில். அறையைக் காலி செய்ததும் டாக்ஸி பிடித்து ஹவுரா ஸ்டேஷனுக்குப் போய், க்ளோக் ரூமில் பெட்டிகளைப் போட்டோம் (பெட்டிக்குப் பூட்டு அவசியம், பூட்டாத பையை வாங்க மாட்டார்கள்). அப்புறம் அங்கிருந்தே மெட்ரோவில் ஏறி எஸ்பிளனேட் வந்தோம். 2024 மார்ச்சில் திறந்த பாதை அது, ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் போகிறது. ஆற்றைக் கடக்க முக்கால் நிமிடம்தான், அந்த இடம் வந்ததும் சுரங்கத்தில் நீல விளக்குகள் தெரிகின்றன. பெட்டியில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள்.

அந்தச் சந்தோஷத்தோடு போய் நின்றால் அருங்காட்சியகத்தின் கேட் பூட்டியிருக்கிறது. தாகூர் வீடும் இன்று கிடையாது, விக்டோரியாவில் தோட்டம் மட்டும்தான் என்று காவலாளியே சொல்லிவிட்டார்.

நான் பள்ளியில் முப்பத்தோரு வருஷம் வரலாறு எடுத்தவள். இந்த அருங்காட்சியகத்தில் இருக்கும் பார்ஹுத் பௌத்த ஸ்தூபியின் கல் வேலியைப் பற்றி எத்தனை வகுப்புகளில் சொல்லியிருப்பேன். இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலான சிற்பங்கள், புத்தரை மனித உருவில் காட்டாமல் போதி மரமாகவும் பாதச் சுவடாகவும் சக்கரமாகவும் செதுக்கியிருப்பார்கள், இது இன்ன ஜாதகக் கதை (புத்தரின் முற்பிறவிக் கதை) என்று பிராமி எழுத்தில் கல்லிலேயே குறித்தும் வைத்திருப்பார்கள். பாடப்புத்தகத்தில் மங்கலான ஒரு கறுப்பு வெள்ளைப் படம்தான் இருக்கும். அதை நேரில் பார்க்கத்தான் நான் கொல்கத்தாவுக்கே வந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அது இருக்கிறது, நான் ரோட்டில் நிற்கிறேன். அழுகை வந்துவிட்டது. இரவு டிக்கெட்டைத் தள்ளிப் போடலாமா என்று என் வீட்டுக்காரர் கேட்டார், ஆனால் ஊரில் பேத்தியை விட்டுவிட்டு வந்திருந்தோம், முடியவில்லை.

விக்டோரியா தோட்டத்தில் ஒரு மரத்தடியில் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். குளத்துக்கு அப்பால் அந்த மக்ரானா சலவைக்கல் கட்டடம் வெயிலில் அவ்வளவு அழகாக இருந்தது, எனக்குத்தான் பார்க்க மனசில்லை. அவர்தான், "வா, டிராமில் போவோம்" என்று எழுந்தார். அவர் போக்குவரத்துக் கழக டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர், வந்த நாளிலிருந்தே டிராம் டிராம் என்று சொல்லிக்கொண்டிருந்தார், நான்தான் காதில் வாங்கவில்லை.

எஸ்பிளனேடில் ஏறி ஷியாம்பஜார் வரை போனோம். பத்து ரூபாய்கூட இல்லை டிக்கெட். கார்களும் கைவண்டிகளும் மஞ்சள் டாக்ஸியும் வழிமறிக்க, ஓட்டுநர் காலால் மணியை மிதித்து மிதித்து வழி கேட்டுக்கொண்டே ஊர்ந்து போகிறார். காலேஜ் தெரு வரும்போது இரண்டு பக்கமும் புத்தகக் கடைகள், ஜன்னலிலிருந்து கையை நீட்டினால் ஒரு புத்தகத்தை எடுத்துவிடலாம் போல அவ்வளவு பக்கத்தில்.  அங்கே இறங்க என் வீட்டுக்காரர் விடவே இல்லை, கடைசி ஸ்டாப் வரை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டு மோட்டார் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வந்தார். கல்கத்தாவில் முதல் குதிரை டிராம் ஓடியது 1873இல். தொல்லியல் அறிஞர் கன்னிங்ஹாம் பார்ஹுத்தைக் கண்டெடுத்ததும் அதே வருஷம்தான். அதை அவரிடம் சொன்னபோதுதான் அன்றைக்கு முதல் தடவையாக நான் சிரித்தேன் என்று பிற்பாடு சொன்னார்.

ஷியாம்பஜாரில் மண் குவளையில் டீ. பக்கத்துக் கடையில் நொலேன் குர் போட்ட சந்தேஷ் என்ற இனிப்பு வாங்கினோம். நொலேன் குர் என்பது குளிர்காலத்தில் ஈச்ச மரத்துப் பதநீரைக் காய்ச்சி எடுக்கும் வெல்லம், நம் கருப்பட்டிக்குப் பக்கத்தில் வரும் ஒரு வாசனை. சாயங்காலம் பாபுகாட்டில் படகு ஏறி ஹவுராவுக்குத் திரும்பினோம். ஆற்றின் நடுவிலிருந்து ஹவுரா பாலத்தைப் பார்த்தபடி, 26,500 டன் எஃகு, நட்டு போல்ட் கிடையாது, முழுக்க ரிவெட்டு என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தார். பக்கத்தில் இருந்த தமிழ் தெரியாத பையன்கூட அவர் கை போகும் திசையில் நிமிர்ந்து பார்த்தான்.

ஆக, அந்த நாள் வீணாகவில்லை. ஆனாலும் பார்ஹுத் போனது போனதுதான். அதனால்தான் இந்தக் கடிதம். இனிமேல் எந்த ஊரைப் பற்றி எழுதினாலும் ஒவ்வொரு இடத்துக்குப் பக்கத்திலும் வார விடுமுறை எது என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். தாஜ் மஹாலுக்கும் ஹைதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகத்துக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை, டெல்லி செங்கோட்டைக்குத் திங்கள். நம் எழும்பூர் அருங்காட்சியகமும் வெள்ளிக்கிழமை திறப்பதில்லை. அங்கே இருக்கும் ஆந்திரத்து அமராவதி ஸ்தூபியின் சிற்பங்களைப் பார்க்க வேண்டும் என்று வெளியூரிலிருந்து என்னைப் போல ஒருத்தி ஆசையாக வந்து வெள்ளிக்கிழமை கேட்டுக்கு வெளியே நிற்கக் கூடாது. அதே மாதிரி, ஊரைவிட்டுக் கிளம்பும் நாளில் முக்கியமான இடங்களை வைக்காதீர்கள் என்றும் எழுதுங்கள். ஏதாவது தவறினால் மறுநாள் என்பது இருக்காது.

இன்னொன்று. அந்த டிராம்களை, ஒரு சின்னப் பாரம்பரியப் பாதையைத் தவிர, நிறுத்தப்போவதாக மேற்கு வங்க அரசு 2024 செப்டம்பரில் அறிவித்தது. சென்னையில் 1895இல் ஓட ஆரம்பித்த டிராம் 1953இல் நின்றது, எங்கள் இருவருக்கும் அதைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. உங்கள் நிருபர் ஒருவரை அனுப்பி அந்த ஓட்டுநர்களையும் டிப்போ தொழிலாளிகளையும் பற்றி விரிவாக எழுத வையுங்கள். என் வீட்டுக்காரர் முதல் ஆளாகப் படிப்பார்.

நாங்கள் மறுபடி போகிறோம். இந்தத் தடவை செவ்வாய்க்கிழமை காலையில் போய் இறங்குகிற மாதிரி டிக்கெட் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
கரூர்