எந்த 'அமெரிக்க நீதிமன்றம்'?

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்க வழக்குச் செய்திகளில் 'அமெரிக்க நீதிமன்றம்' என்று மொட்டையாகப் போடுகிறீர்கள். மாநில நீதிமன்றமா, ஃபெடரல் (மத்திய அரசின்) நீதிமன்றமா என்று சொல்லாவிட்டால் பாதி விஷயம் புரியாது.

போலீஸ் பிடியில் உயிரிழந்த கறுப்பினத்தவர் ஜார்ஜ் ஃபிளாய்டின் வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 2021இல் மினியாபொலிஸ் நகரிலுள்ள மினசோட்டா மாநில நீதிமன்றத்தில், அவரைக் கொன்ற போலீஸ்காரர் டெரெக் சாவின் மீது நடந்த விசாரணையை உலகமே நேரலையில் பார்த்தது. மறு ஆண்டு, சம்பவத்தின்போது உடனிருந்த மூன்று போலீஸ்காரர்கள் மீதான ஃபெடரல் விசாரணை பக்கத்து ஊரான செயின்ட் பாலில் நடந்தது. அங்கே கேமராவுக்கு இடமில்லை. ஃபெடரல் குற்றவியல் நடைமுறையின் 53ஆம் விதி அதற்குத் தடை போடுகிறது.

நிபுணர் சாட்சியத்திலும் இதே கதைதான். நிபுணர் கையாண்ட ஆய்வு முறை அவருடைய துறையில் பொதுவாக ஏற்கப்பட்டதா என்று 1923ஆம் ஆண்டுத் தீர்ப்பை வைத்து நியூயார்க் இன்றும் கேட்கிறது. ஃபெடரல் நீதிமன்றங்களிலோ, 1993 முதல் அந்த முறை நம்பத்தக்கதா என்பதை நீதிபதியே உரசிப் பார்க்கிறார். ஆக, ஓரிடத்தில் கூண்டேறும் நிபுணர் இன்னோரிடத்தில் வாசலோடு திரும்ப நேரலாம்.

ஜூரி (தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழு) எண்ணிக்கையும் அப்படித்தான். ஃபெடரல் குற்ற வழக்குக்கு 12 பேர். ஃபுளோரிடா மாநில நீதிமன்றங்களில், மரண தண்டனைக்குரிய வழக்கு தவிர மற்றவற்றுக்கு 6 பேரே போதும்!

அடுத்த முறை தலைப்பிலேயே எந்த நீதிமன்றம் என்று போட்டுவிடுங்களேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்